பாட்டி இருந்தால் போதுமா?

வீட்டில் பாட்டி இருக்க, காசு கொடுத்து டூலா (பிரசவத்தின்போதும் அதன் பின்னும் தாய்க்குத் துணையிருக்கப் பயிற்சி பெற்றவர்) எதற்கு என்கிறார்கள். பாட்டியின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும், 'பால் ஊறல' என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும் பல வீடுகளில் அதே அன்புதான். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போதும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தையல் வலியோடு கிடப்பவளுக்கு, ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கவும், காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி குழந்தையைப் பிடிக்கவும் யார் காட்டித் தருவது? வார்டு நர்ஸுக்கு நேரமேது? அதற்குத்தான் டூலா. ஆனால் அவர் மருத்துவர் அல்ல. பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்கிறீர்களா? அது நியாயம். அப்படியானால் அரசு மருத்துவமனைகளிலும் டூலாவை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள்.