சிவப்பு விளக்கு எரிந்தால்...

"மதினி, பெட்டியில சிவப்பு லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கு. பிள்ளைக்குப் பாடம் வரலை. போன் பண்ணினா, 'ரூட்டரா, ஓ.என்.டி.யா?'ன்னு கேக்கிறாங்க. நான் என்னத்தைக் கண்டேன்?"

எங்கள் மகாராஜபுரத்தில் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போய்விட்டது.

சகோதரிகளே, மிக்ஸியில் எது ஜார், எது கப்ளர் என்று நமக்குத் தெரியுமல்லவா? இதுவும் அவ்வளவுதான்.

பிளவக்கல் அணைத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கு வந்து, மடை வழியாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. இணையமும் அப்படித்தான். தெருவிலிருந்து வரும் ஒயருக்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழை இருக்கிறது. செய்தி அதில் ஒளியாக ஓடி வருகிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைப்பதற்கான பாரத்நெட் திட்டத்தில் இழுக்கப்படுவதும் இதே வகை இழைதான்.

அந்த ஒளியை வாங்கி, கருவிகளுக்குப் புரியும்படி மாற்றுவது ஓ.என்.டி. அதை போனுக்கும் டி.வி.க்கும் பிரித்துக் கொடுக்கும் மடைதான் ரூட்டர். பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ரூட்டரிலிருந்து ஒயரில்லாமல் வருவது வைஃபை. எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு என்று பிரித்தறிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு, அதுதான் ஐ.பி. முகவரி.

'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு மினுக்கினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் இழை எங்கோ அறுந்தோ மடங்கியோ இருக்கும். பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொல்லுங்கள், வருகிற ஆள் தயாராகவே வருவார்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. அறுந்த ஒயரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. ரிப்பேர் முடிந்ததும் கீழே கண்ணாடித் துணுக்கு கிடக்கலாம். தவழும் குழந்தையின் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கையால் தடவாமல், ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு எறியுங்கள்.

பெட்டியை வீட்டின் நடுவில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வைஃபை தடுமாறும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். பிள்ளை பெயரும் போன் நம்பரும் வேண்டாம். ஊரே அறிந்த சாவி பூட்டுக்கு உதவாது!