நாற்காலி காலியானால் யார்?

அமெரிக்காவில் 2016இல் வந்த 'டெசிக்னேட்டட் சர்வைவர்' தொடரைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, சங்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: நாடாளுமன்றமே குண்டில் தகர்ந்து, எல்லாரும் மாண்டு, மிஞ்சிய வீட்டுவசதி மந்திரி ஜனாதிபதி ஆவது நடக்கிற காரியமா?

சட்டப்படி நடக்கும். துணை ஜனாதிபதியும் இல்லாவிட்டால் சபாநாயகர், செனட்டின் இடைக்காலத் தலைவர், பிறகு மந்திரிகள் என்று அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரிசை வகுத்திருக்கிறது. எல்லாரும் கூடும் நாளில் ஒரு மந்திரியை வேறிடத்தில் வைத்திருப்பதும் உண்மை வழக்கமே.

நம்பச் சிரமமானது நம் கதைதான், தோழர்களே! சின்ன ஸ்டேஷனில் மாஸ்டர் மாறினாலும் சார்ஜ் எழுதி வாங்குகிறோம். பிரதமர் நாற்காலிக்கு அப்படி வரிசைச் சட்டம் இல்லை. 1964இல் நேரு மறைந்தபோதும், 1966இல் சாஸ்திரி மறைந்தபோதும் மந்திரி நந்தா இடைக்காலப் பிரதமரானார், காங்கிரஸ் எம்.பி.க்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தபின் விலகினார். நல்ல வழக்கம். ஆனால் வழக்கம் சட்டமாகுமா? 1984இல் இந்திரா கொல்லப்பட்ட அன்று மாலையே, எம்.பி.க்கள் கூடித் தேர்வதற்கு முன்பே, ராஜீவ் பதவியேற்றார். அன்று அவர் மந்திரிகூட அல்ல!

ஜனாதிபதி பதவிக்கு 1969இல், ஜாகிர் உசேன் மறைந்த அதே மே மாதம் சட்டம் செய்தார்கள். ஜூலையில் வி.வி.கிரி விலகியதும் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா பொறுப்பேற்றது அதன்படிதான். பிரதமருக்கும் ஒன்று வேண்டும்: எம்.பி.க்கள் தேரும்வரை யார், எத்தனை நாள் என்று. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதையும் கேளுங்கள்.