கடலில் அரை நாள்

ஆண்டுதோறும் நம் பள்ளியின் கல்விச் சுற்றுலாவைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழும்பொழுது, ‘எங்கே போவது?’ என்னும் வினாவே முதலில் எழுகின்றது. ‘எதற்காகப் போவது?’ என்னும் வினா எழுவது அரிது. பேருந்தேறிப் பெரிய நகருக்குச் சென்று, கேளிக்கைப் பூங்காவில் பகலைக் கழித்து, கடைத்தெருவில் பொருள் வாங்கித் திரும்புவதே சுற்றுலா என்று பலரும் எண்ணிவிட்டனர். பிள்ளைகள் மகிழட்டும், அம்மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஓராண்டுக் காலம் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணத்துக்கு, உறக்கத்தோடு கலைந்துபோகும் ஒரு நாள் மட்டுந்தானா ஈடு?

நமது கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகின்றோம். ஜொகூர் மாநிலத்துத் தோட்டப் பள்ளியாகிய நமக்குச் சிங்கப்பூர் அண்டை வீடு. அங்குச் செல்லும் சுற்றுலாவில் அரை நாளைக் கடலுக்கென ஒதுக்குதல் வேண்டும். காலையில் மரினா சவுத் படகுத்துறையில் படகேறி, செயின்ட் ஜான்ஸ் தீவையும் கூசுத் தீவையும் கண்டு, பிற்பகலில் கரை திரும்புதல் வேண்டும்.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் காண்பவை சிராங்கூன் சாலையும் தேக்காச் சந்தையுமே. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து துறைமுகத் திசையில் பெருவிரைவு இரயில் ஏறினால், அடுத்த நிலையம் டோபி காட். நிலத்தின் அடியில் மூன்று இரயில் தடங்கள் கூடும் பெருஞ்சந்திப்பு அது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் மக்களுள் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? ‘டோபி’ என்பது துணி வெளுப்பவரைக் குறிக்கும் இந்திச் சொல். ‘காட்’ என்பது நீரில் இறங்கும் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அங்கு ஓடிய சிற்றோடையில் துணி துவைத்து, அருகிலிருந்த வெளியில் உலர்த்தினர். அவ்வோடை பின்னர்க் கால்வாயாகக் கட்டப்பட்டுப் பெரும்பகுதி கண்ணுக்கு மறைந்துவிட்டது. துவைத்தவர்களின் பெயர்களும் மறைந்துவிட்டன. அவர்தம் உழைப்பு மட்டும் ஊர்ப்பெயராய் நிலைத்து நிற்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல வரலாற்றுப் பாடம் வேறில்லை. அந்நிலையத்திலேயே சிவப்புத் தடத்துக்கு மாறித் தெற்கே சென்றால், நான்காவது நிலையம் படகுத்துறையின் வாயிலில் கொண்டுபோய் விடும்.

‘மரினா விரிகுடாவைச் சுற்றிக் காட்டும் படகு ஆற்றங்கரையிலேயே இருக்கின்றதே, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுமே’ என்று சிலர் கூறலாம். அழகிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், அவ்விரிகுடா இன்று கடலன்று. 2008-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா அணை, 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே நின்று உப்பு நீரைத் தடுத்துவிட்டது. உள்ளே இருப்பது குடிநீருக்கான நன்னீர்த் தேக்கம். சுற்றிலும் உள்ள நிலத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்துப் பெற்றது. அக்கரையில் உள்ள பழைய கிளிஃபர்ட் துறை, 1933 முதல் 2006 வரை எண்ணற்ற பயணிகளை இறக்கி ஏற்றியது. அது மூடப்பட்ட பின்னரே தீவுகளுக்குச் செல்லும் படகுகள் மரினா சவுத் துறைக்கு இடம் பெயர்ந்தன. ஆகவே, உண்மைக் கடலைக் காண விரும்புவோர் அணைக்கு வெளியே செல்லுதல் வேண்டும்.

வெளியே சென்ற சிறிது நேரத்துக்குள் பாடப்புத்தகம் விரிந்துவிடும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். 2024-ஆம் ஆண்டில் அத்துறைமுகம் கையாண்ட சரக்கு, இருபதடிக் கொள்கலன் கணக்கில் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டது. செம்பனைக் குலையை வெட்டி வண்டியில் ஏற்றும் தந்தையின் பிள்ளை, நம் நாட்டு எண்ணெய் எத்தகைய கலங்களில் உலகெங்கும் செல்கின்றது என்பதைக் கண்ணால் காணும். சிங்கப்பூர்க் கடலில் 250-க்கும் மேற்பட்ட வன்பவள இனங்கள் உள்ளன என்பதையும், அவற்றைக் காக்கத் தெற்கே கடற்பூங்கா அமைத்துள்ளனர் என்பதையும் ஆசிரியர் சொல்லலாம். அதே மூச்சில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரு கலங்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியதையும், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ் தீவுகளின் கரைகள் கறுத்ததையும் சொல்லுதல் வேண்டும். கரையைத் துப்புரவு செய்தவர்களும் கூலித் தொழிலாளரே.

கூசுத் தீவைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கப்பலுடைந்து தத்தளித்த மலாய்க்காரர் ஒருவரையும் சீனர் ஒருவரையும் காக்க, பேராமை ஒன்று தன்னையே தீவாக மாற்றிக்கொண்டதாம். அத்தீவில் 1923-இல் கட்டப்பட்ட சீனர் கோயில் உள்ளது. குன்றின்மேல் மலாய் முஸ்லிம்கள் போற்றும் நினைவிடங்கள் அமைந்தன. அவை 2022-ஆம் ஆண்டுத் தீயில் சேதமுற்றன. ஒரே தீவில் இரு சமயத்தாரும் வழிபட்டு வந்தனர் என்பதைப் பல்லினப் பிள்ளைகளோடு வளரும் நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

இனி, நாம் முதன்மையாகக் கருதும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு வருவோம். 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராஃபிள்ஸ் தம் கப்பல்களை அத்தீவின் அருகிலேயே நிறுத்தினார். இதனைப் பல நூல்கள் கூறும். நமக்கு வேண்டிய வரலாறு அதன் பின்னர்த் தொடங்குகின்றது. 1873-இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியது. அதனையொட்டி 1874-இல் அத்தீவில் நோய்த்தடுப்புக் காப்பு நிலையம் திறக்கப்பட்டது. கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த கூலி மக்கள், நகரில் கால் வைக்குமுன் அங்கு இறக்கப்பட்டனர். மருத்துவர் சோதித்தனர், அம்மை குத்தினர், உடைமைகளை மருந்துப் புகையில் இட்டனர். நோய் இல்லை என்று தெளிந்த பின்னரே மறுகரை செல்ல விட்டனர். 1930-களில் உலகின் பெரிய காப்பு நிலையங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

நம் தோட்டத்துக் குடும்பங்களின் முன்னோர் அனைவரும் அத்தீவு வழியாகவே வந்தனர் என்று நாம் கூறவில்லை. பலர் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் இதே சோதனையைக் கடந்தனர். வேறு சிலர் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினர். ஆயினும், எந்தத் துறையில் இறங்கினாலும் அவர்கள் கடந்த கடல் ஒன்றே. பட்ட பாடும் ஒன்றே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, தகரப் பெட்டியும் பாயுமாய் வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள் ஆள் திரட்டி அழைத்து வந்த முறை அதன்பின்னும் தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை உதவிப் பணத்தில் அனுப்புவதற்குத் தடை விதித்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் 1973 வரை இவ்வழியில் ஓடியது. அதன் பெயரைக் கேட்டால் இன்றும் முதியோர் முகத்தில் ஓர் ஒளி தோன்றுவதைக் காணலாம். அவர்கள் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைக்குமாறு மாணவரை வேண்டுகின்றோம். சுற்றுலாவுக்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் இதுவே. பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்தத் துறை வழியாக வந்தார் என்பதை எழுதிக்கொண்டு படகேறும் பிள்ளைக்கு, அலையும் ஒரு பாடமாகும்.

‘அத்தீவில் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது? மரமும் மணலுந்தானே?’ என்று கேட்போர் உளர். உண்மைதான். காப்பு நிலையத்தின் காலம் முடிந்தது. பின்னர் அரசியல் கைதிகளை வைத்தனர். அபினிக்கு அடிமையானோரைத் திருத்தும் நிலையம் நடத்தினர். 1970-களில் அதனை மக்கள் இளைப்பாறும் இடமாக மாற்றினர். இன்று அங்குப் பேரொலி எழுப்பும் பொறிகள் இல்லை. நம் கருத்தில் அதுவே அத்தீவின் சிறப்பு. மரநிழலில் அமர்ந்து, ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்க முடியும். இரைச்சலுக்கிடையே வரலாறு கற்பிக்க எந்த ஆசிரியராலும் இயலாது.

‘கடல் ஆபத்து’ என்னும் தாய்மாரின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அச்சம் தீர வழிகள் உள. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை பொழியுமாதலின் அப்பருவத்தைத் தவிர்க்கலாம். மற்ற மாதங்களிலும் ‘சுமத்ரா’ என்று கடலோடிகள் கூறும் திடீர்க் காற்றுமழை காலைப் பொழுதில் வருவதுண்டு. படகோட்டி ‘பொறுங்கள்’ என்றால் பொறுத்தல் வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணை செல்லுதல் வேண்டும். குடிநீரும் கட்டுச்சோறும் உடன் கொண்டு செல்லுதல் நலம். படகு நேரங்கள் நாளுக்கு நாள் வேறுபடுமாதலின் முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது. செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டுவதில்லை. கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச் சீட்டோடு ஒப்பிட்டால் படகுக் கட்டணம் ஒரு சிறு பங்கே. எஞ்சும் தொகையைக் கொண்டு, பணம் கட்ட இயலாத பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். பணமில்லாமையால் ஒரு பிள்ளையின் பெயர்கூடப் பட்டியலிலிருந்து நீங்குதல் ஆகாது.

பணத்தால் தீராத தடை ஒன்று உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. கடப்பிதழ் இல்லாத பிள்ளை அச்சிறு தொலைவைக் கடக்க முடியாது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும், பத்திரம் இருந்தும் குடியுரிமை எழுதப்பெறாத பிள்ளைக்கும் கடப்பிதழ் இல்லை. சென்ற ஆண்டுகளில், பேருந்து புறப்பட்ட விடியற்காலையில், பள்ளி வாயிலில் நின்று தோழருக்குக் கையசைத்த பிள்ளைகள் உளர். அவர்கள் படிப்பில் பின்தங்கியவர் அல்லர். ஒழுக்கத்தில் குறைந்தவரும் அல்லர். ஒரு தாள் இல்லை; அவ்வளவே. பெருங்கடலைக் கடந்து வந்தவரின் பேரப்பிள்ளை, ஒரு பாலத்தைக் கடக்க இயலாமல் நிற்பது நமக்கு நாணம் தரும் செய்தியன்றோ?

பெற்றோர் பெருமக்களே! பிள்ளை பிறந்த 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். காலம் தவறியிருப்பின் மேலும் தாமதியாமல் தேசியப் பதிவுத் துறைக்குச் செல்லுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாதீர்கள். முஸ்லிம் அல்லாதார் தம் திருமணத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்னும் சட்டம் 1982-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. பதிவில்லாத திருமணத்தில், தாய் குடியுரிமை இல்லாதவராயின், தந்தை குடிமகனாயிருந்தும் பிள்ளை இடர்ப்படும். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கத் தவறாதீர்கள். வேலை நாளில் ஒரு நாள் கூலி போகுமே என்று எண்ணித் தள்ளிப் போட்டால், பிள்ளையின் வாழ்நாளெல்லாம் கூலி போகும். பாரம் நிரப்பத் தெரியாதவர் தயங்காமல் பள்ளிக்கு வருக. நிரப்பித் தருவதும், தேவையாயின் உடன் வருவதும் ஆசிரியர் கடமையென நாம் கருதுகின்றோம்.

பாட்டாளித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துணை செல்லும் பெரியவர்களாக நீங்களே வாருங்கள். விடியுமுன் எழுந்து காட்டுக்குச் சென்று, வெயிலேறத் திரும்பும் நீங்கள், பிள்ளையோடு ஒரு படகில் அமர்ந்து கடலைப் பார்த்த நாள் எத்தனை? ஆசிரியர் ஆண்டுகளையும் எண்களையும் கூறுவார். உங்கள் தாய் தந்தையர் சொன்ன கதையை நீங்களன்றோ கூற முடியும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்மொழிய உள்ளோம். ஏற்பதும் மறுப்பதும் கூட்டத்தின் உரிமை. சுற்றுலா எவ்விடத்துக்கென்று முடிவு செய்தாலும், பிள்ளைகளின் பத்திரங்களைச் சரிபார்க்கும் பணி மட்டும் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே தொடங்கும். ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.