பன்மொழிக் கல்வி குறித்த நமது ஒருமொழி ஆய்வுகள்

நீண்ட பதிவு. மொழியியல், கல்வியியல், புலம்பெயர்வு ஆய்வு ஆகிய துறைகளில் இயங்கும் நண்பர்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன். சிலருக்குச் சினம் வரலாம். சினத்தோடு எழுதப்படும் மறுப்பையும் வரவேற்கிறேன்.

புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகள், ஏதிலியரின் குழந்தைகள் ஆகியோரின் பன்மொழிக் கல்வி பற்றிய நிதிநல்கை விண்ணப்பங்களில் ‘கூட்டாய்வு’ என்னும் சொல் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, இந்திய நிறுவனங்கள் இரண்டு, மொழியியலார் ஒருவர், உளவியலார் ஒருவர், புள்ளியியல் அறிந்தவர் ஒருவர் எனக் குழு அமைகிறது. ஆய்வுக்குரிய குழந்தையின் மொழியைப் பேசத் தெரிந்தவர் இக்குழுவில் யார் என்று கேட்டால் விடை நன்றியுரையில் கிடைக்கும். ‘களப்பணியில் உதவியவர்’ என்ற பெயரில் ஓர் இளைஞர் அங்கே நின்றுகொண்டிருப்பார். வினாக்களைக் குழந்தையிடம் கேட்டவரும், விடைகளை ஒலியிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவந்தவரும், மொழிபெயர்த்தவரும் அவரே. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் மட்டும் அவர் இல்லை.

என் வாதம் இதுதான். இக்குழந்தைகளின் கல்வியில் கூட வேண்டியவர்கள் மூவர்: அவர்கள் புறப்பட்ட மாநிலத்தின் கல்வியாளர், சென்று சேர்ந்த மாநிலத்தின் ஆசிரியர், அம்மொழியைப் பேசும் சமூகம். இம்மூவரும் ஒருவரையொருவர் சந்திக்காத நிலையில், ஆய்வாளர்கள் மட்டும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கூடிப் பேசுவதைக் கூட்டாய்வு என்றழைப்பது பொருந்தாது.

மேற்கு ஒடிசாவை எடுத்துக்கொள்வோம். பலாங்கீர், நுவாபாடா, களாஹாண்டி மாவட்டங்களில் புத்தரிசித் திருநாளான நுவாகாய் முடிந்தபின் குடும்பங்கள் செங்கல் சூளைகளை நோக்கிப் புறப்படுகின்றன. தெலங்கானாவின் சூளைகளுக்கும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சூளைகளுக்கும் அவர்கள் செல்கிறார்கள். கோடைமழைக்கு முன் திரும்புகிறார்கள். குழந்தையின் பள்ளி ஆண்டில் ஏறத்தாழப் பாதி சூளையில் கழிகிறது. இதற்கு ஒரு தீர்வாகச் சூளைகளின் அருகே ஒடியா வழிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஒடியாப் பாடநூல்களும் ஒடியா கற்பிக்கும் ஆசிரியர்களும் வந்தனர். மாநிலங்களுக்கிடையே இப்படியோர் ஒத்துழைப்பு நிகழ்ந்ததை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் குழந்தையின் வீட்டுமொழி சம்பல்புரி. ஏட்டு ஒடியா சொல்லின் இறுதி உயிரை ஒலிக்கும். சம்பல்புரி அதை விட்டுவிடும். வீட்டைக் குறிக்கும் ‘கர’ என்னும் ஒடியாச் சொல் பலாங்கீர்க் குழந்தையின் வாயில் ‘கர்’ ஆகிறது. மொழியியல் முதலாண்டு மாணவருக்கு இது ஓர் ஒலியன் விதி. வகுப்பறையில் இது பிழை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சம்பல்புரியைத் தாய்மொழியாகக் கூறிய 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒடியா என்ற தலைப்பின்கீழ் அடக்கியது. அதே கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்ட போஜ்புரி பேசுவோர் இந்திக்குள் அடங்கினர். கணக்கெடுப்பு நிருவாக வசதிக்காகச் செய்த தொகுப்பை நாம் ஆய்வு மாறியாக எடுத்துக்கொள்கிறோம். ‘தாய்மொழி: இந்தி’ என்று படிவத்தில் குறித்துவிட்டு, பீகாரிலிருந்து வந்த குழந்தை இந்தி வாசிப்புத் தேர்வில் பின்தங்கியது ஏன் என்று பத்துப் பக்கம் எழுதுகிறோம். குழந்தையின் மொழியைத் தவறாகப் பதிந்தவர்கள் நாம். குறைபாடு என்ற முத்திரையோ குழந்தையின் மேல் விழுகிறது.

மாநில எல்லை ஒரே மொழியை எப்படி இரண்டாகப் பிளக்கிறது என்பதற்குச் சவர மொழி சான்று. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2004இல் எட்டுப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. ஒடிசா 2006-07இல் பத்து மொழிகளில் தொடங்கியது. சவரம் இரண்டு பட்டியல்களிலும் இருந்தது. ஆந்திரத்தில் அதன் பாடநூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. ஒடிசாவில் ஒடியா எழுத்தில். இவை போக, 1936இல் மங்கே கமாங்கோ உருவாக்கிய சொராங் சோம்பெங் என்னும் தனி எழுத்தும் அச்சமூகத்திடம் உண்டு. எல்லையைக் கடந்து செல்லும் சவரக் குழந்தை, தன் தாய்மொழியில் அச்சிட்ட நூலையே படிக்க இயலாமல் திகைக்கும். இரு திட்டங்களிலும் உழைத்த ஆசிரியர்களைக் குறை கூறமாட்டேன். அவர்கள் அருஞ்செயல் புரிந்தவர்கள். ஆனால் இரு மாநில அறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கதையை இரு எழுத்திலும் அருகருகே அச்சிட்ட ஒரு நூலையாவது ஆக்குவது கூட்டாய்வின் முதற்கடமை அல்லவா? கேம்பிரிட்ஜுக்கும் டெல்லிக்கும் இடையே பாலம் அமைக்கத் தெரிந்த நமக்கு, ஸ்ரீகாகுளத்துக்கும் கஜபதிக்கும் இடையே ஒரு பலகை போட முடியவில்லை.

ஏதிலியரிடம் வந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஏதிலியருக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. ஆகவே அவர்களின் குழந்தைகளுடைய கல்வி பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் பரிவைப் பொறுத்தே அமைகிறது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் சின் மக்கள் மிசோரமுக்குள் வந்தனர். அவ்வாண்டே மிசோரம் கல்வித்துறை அவர்களின் குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கப் பணித்தது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் ‘அவர்கள் நம் உறவினர், நம் மொழிக்கு நெருங்கிய மொழியினர்’ என்ற அன்பே ஒரு சிக்கலை மறைக்கிறது. ஹாக்கா, ஃபலாம் போன்ற சின் மொழிகள் மிசோவுக்கு உறவுடையவை என்றாலும் மிசோ ஆகிவிடமாட்டா. அக்குழந்தைகள் அதுவரை பள்ளியில் பயின்ற மொழியோ பர்மியம். மொழிக்குடும்ப வரைபடத்தில் இரு கிளைகள் அருகருகே இருப்பது, கணக்குப் பாடத்தின் விளக்கம் எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும் என்பதற்கு உறுதியாகாது. அதை வகுப்பறையில் சென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மொழியியலார்.

டெல்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் ரோகிங்கியக் குழந்தைகளின் மொழிக்கு 1980களில் உருவான ஹனிஃபி எழுத்து உண்டு. 2018இல் அது யூனிகோடில் இடம்பெற்றது. கணினியில் இடம் கிடைத்த அவ்வெழுத்துக்கு, அக்குழந்தைகள் படிக்கும் அரசுப் பள்ளியின் பயிற்றுமொழிப் பட்டியலில் இடமில்லை. இதற்கு எதிர்நிலையில் திபெத்தியர் உள்ளனர். 1960இல் முசூரியில் அவர்களின் முதற்பள்ளி தொடங்கியது. பிற்காலத்தில் தொடக்கக் கல்வியைத் திபெத்திய மொழிவழிக்கு மாற்றி, பாடநூல்களைத் தாமே ஆக்கிக்கொண்டனர். இந்திய அரசின் ஆதரவு அவர்களுக்குக் கிட்டியது என்பது உண்மை. பிறருக்கு அது கிட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பாடநூலை எழுதும் கை அச்சமூகத்தினுடையதாக இருந்தது என்பதை நாம் பாடமாகக் கொள்ள வேண்டும்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். புலம்பெயர் குழந்தைகளின் மொழிகளே பொருள். இரண்டு நாளும் ஆங்கிலம் தவிர வேறு மொழி மேடையில் ஒலிக்கவில்லை. கருத்துரை வழங்க அழைக்கப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மொழியில் தொடங்கியபோது, நேரமின்மையைக் காரணம் காட்டி ‘சுருக்கமாக’ என்றார்கள். அடுத்து வந்தவர் டிரான்ஸ்லாங்குவேஜிங் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மொழிகளுக்கு இடையே வேலியிடாமல் கற்பிப்பதே அதன் சாரம். அரங்கிலோ வேலி அப்படியே இருந்தது.

அக்கோட்பாட்டின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் ரமா காந்த் அக்னிஹோத்ரி பன்மொழியத்தை வகுப்பறை வளமாகக் கொள்ள வேண்டும் என்று 1995இலேயே எழுதினார். டி. பி. பட்டநாயக் பன்மொழியமே இந்தியாவின் இயல்பு என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். அஜித் மொகந்தி ஒடிசாவின் கோந்த் சமூகத்தினரிடையே இருமொழியத்துக்கும் சிந்தனைத் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். இவர்களை மேற்கோள் பட்டியலின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து வந்த சொல்லைக் கொண்டே நம் வகுப்பறையை நாம் காண்கிறோம்.

இன்னும் பின்னே செல்லலாம். சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த பர்லாக்கிமிடியில் கிடுகு வேங்கட ராமமூர்த்தி சவரரிடமே சவர மொழியைக் கற்றார். அம்மொழியில் பாடநூல் எழுதினார். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவரது சவர மொழிக் கையேடு 1931இல்தான் அச்சேறியது. முதலில் பள்ளி, பிறகு இலக்கணம் என்பது அவர் கண்ட வரிசை. நமது வரிசையில் முதலில் கட்டுரை வருகிறது. பிறகு இன்னொரு கட்டுரை.

மறுப்புகளை அறிவேன். ‘ஒரு வகுப்பில் ஆறு மொழிகள், ஆறு பாடநூல் அச்சிட முடியுமா?’ என்பது முதலாவது. ஆறு பாடநூல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டத்தைப் பாருங்கள். இந்தி, வங்காளம், ஒடியா அறிந்த தன்னார்வலர்கள் வகுப்பில் துணைநின்று, குழந்தை அறிந்த மொழியிலிருந்து மலையாளத்துக்கு மாறி மாறிப் பேசிக் கற்பித்தனர். அதற்கு முதற்தேவை, குழந்தை சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஒரு மனிதர். அங்கும் வீட்டுமொழி வங்காளமா அதன் வட்டார வடிவமா என்ற கேள்வி எஞ்சும். அதைத் தீர்ப்பதற்கே நம் துறை இருக்கிறது.

‘பெற்றோரே ஆங்கிலம் கேட்கிறார்கள்’ என்பது இரண்டாவது. கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றொன்றுக்குத் துணைசெய்யும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்தை நாமே வகுப்பில் கற்பிக்கிறோம். வீட்டுமொழியில் ஊன்றி நின்று ஆங்கிலத்துக்கு ஏறும் வழியைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைத்தோமா? சொல்லாத ஒன்றை அவர்கள் வேண்டாம் என்றார்கள் எனக் கூறுவது முறையாகாது.

‘ஆங்கில ஆய்விதழில் வெளியிடாவிட்டால் வேலை கிடைக்காது’ என்பது மூன்றாவது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இதன் கனம் நன்கு தெரியும். அதனால்தான் இக்கோரிக்கையை மாணவர்களிடம் அன்றி, குழுவின் தலைமையில் இருப்போரிடமும் நிதி வழங்குவோரிடமும் வைக்கிறேன். பணி நிலைத்தவர்கள் விதியை மாற்றட்டும்.

மாற்ற வேண்டியவை நான்கு. குழந்தையின் மொழியைப் பேசி, தரவைத் திரட்டி, மொழிபெயர்த்தவர் கட்டுரையின் இணையாசிரியர் ஆக வேண்டும். அவருக்குரிய ஊதியம் திட்டச் செலவில் தனி வரியாக இருக்க வேண்டும். புலம்பெயர் குழந்தைகள் பற்றிய எந்தத் திட்டமும் புறப்பட்ட மாநிலம், சேர்ந்த மாநிலம் இரண்டிலும் பங்காளிகளைக் கொள்ள வேண்டும்; அதன் நாட்காட்டி பல்கலைக்கழகப் பருவத்தை விட்டுச் சூளையின் பருவத்தைப் பின்பற்ற வேண்டும். கட்டுரை அச்சேறும் முன் அதன் முடிவுகள் ஆசிரியரும் பெற்றோரும் படிக்க அல்லது கேட்கக்கூடிய மொழியில் அவர்களிடம் சேர வேண்டும். திட்டத்தில் உருவாகும் வாசிப்பு நூல்களும் ஒலிப்பதிவுகளும் எந்த மாநிலப் பள்ளியும் விலையின்றி எடுத்தாளத் திறந்திருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கோட்பாடு தேவையில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி ‘இயன்றவரை’ குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘இயன்றவரை’க்குள் அரசுகள் வசதியாக ஒளிந்துகொள்கின்றன என்று நாம் கண்டித்து எழுதுகிறோம். எது இயலும் என்பதை மெய்ப்பித்துக் காட்டும் அறிவும் வாய்ப்பும் நம்மிடம் இருந்தும் செய்யாமல் இருக்கிறோம். இந்த ஆண்டும் நுவாகாய் முடிந்தபின் பலாங்கீரிலிருந்து தொடர்வண்டிகள் புறப்படும். அதற்குள் ஒரு வகுப்பறைக்காவது, ஒரு மொழியிலாவது, பயன்படும் எதை நம் திட்டம் ஆக்கித் தரும் என்பதை விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் எழுதுவோம்.

உடன்படாதவர்கள் பின்னூட்டத்தில் வாதிடுங்கள். அவரவர் மொழியிலேயே எழுதுங்கள். மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.