இல்லாத பிரேம்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவின் கபடி இறுதிப் போட்டியை யாரும் மறந்திருக்க முடியாது. கடைசியாகப் பாடிப் போன வீரரை எதிரணியினர் நால்வர் அமுக்கிவிட்டனர். அவர் விரல் நடுக்கோட்டைத் தொட்டதா, இல்லையா? தொடவில்லை என்றார் நடுவர். மறுநாள் காலை ஒரு காணொளி எல்லோர் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. மிக மெதுவாக ஓடிய அந்தப் படத்தில் விரல் கோட்டின்மேல் இருந்தது. நடுவராக நின்ற பேராசிரியரைப் பற்றி அன்று பேசப்பட்டவை இம்மலரில் அச்சேறத் தக்கவை அல்ல.

படம் எடுத்தவன் என் விடுதி நண்பன். அன்று மாலை அவன் கைபேசியிலிருந்த மூலப் பதிவை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றில் விரல்கள் கோட்டுக்கு இப்பால் இருந்தன. அடுத்ததில் மேலே விழுந்தவரின் தோள் கையை மறைத்துவிட்டது. விரல் கோட்டைத் தொடும் படம் எதிலும் இல்லை.

பின் அது எங்கிருந்து வந்தது? கைபேசி வினாடிக்கு 30 பிரேம் எடுத்திருந்தது. அதை நான்கு மடங்கு மெதுவாக்கினால், துள்ளாமல் ஓட ஒவ்வோர் இரு பிரேமுக்கும் நடுவே மூன்று புதிய பிரேம்கள் வேண்டும். முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்து, கணிப்பொறி அவற்றை வரைந்து கொடுக்கிறது. கை மறைந்த இடத்தில் ஊகம் தடுமாறி விரல்களை நீட்டி இழுத்துவிட்டது. அந்த 1/30 வினாடியில் உண்மையில் என்ன நடந்தது என்பது கேமராவுக்கே தெரியாது!

“தரம் கெடாமல் மாற்றலாம்” என்று இத்தகைய மென்பொருள்களைப் புகழ்கிறோம். தரம் என்றால் எது? வழவழவென்று ஓடுவதா, எடுத்தது எடுத்தபடி இருப்பதா? இரண்டாவதே என்பது என் கட்சி.

பழைய முறைகள் அதை ஓரளவு காப்பாற்றின. சினிமா வினாடிக்கு 24 பிரேம். 1975-ல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சிக்கு 25. ஆகவே படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியைச் சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். சங்கீதம் அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு பிரேம்கூடக் குறையவில்லை, கூடவுமில்லை. ஏறத்தாழ 30 பிரேம் ஓடும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு, ஒரு பிரேமை இரண்டு அரைப்படங்களாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் லேசாகத் தத்தும். தத்தட்டுமே! இருப்பதைத்தான் திரும்பக் காட்டினார்கள்.

நண்பர்கள் மறுப்பு சொல்வார்கள். முதல் உலகப் போரின் படச்சுருள்களைக் கொண்டு பீட்டர் ஜாக்சன் 2018-ல் ‘தே ஷால் நாட் க்ரோ ஓல்டு’ எடுக்கவில்லையா? கையால் சுழற்றிய கேமராக்களில் 10 முதல் 18 பிரேம் வரை பதிவான காட்சிகளை 24 ஆக்கியதால்தானே, பொம்மைகள்போல் ஓடிய சிப்பாய்கள் மனிதர்களாக நடந்தார்கள் என்பார்கள். உண்மைதான், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மூலப் படங்கள் லண்டன் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை. ஐயம் வந்தால் அங்கே போய்ப் பார்க்க வழியுண்டு. ஜாக்சன் செய்ததையும் மறைக்கவில்லை. நம் காணொளியில் “இதில் நான்கில் மூன்று பிரேம் கணிப்பொறி வரைந்தது” என்று ஒரு வரி இருந்ததா?

மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்து மகிழ எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள்; மாற்றியதைச் சொல்லிவிடுங்கள். கல்லூரி விழாக்களின் மூலப் பதிவுகளை எடுத்த வேகத்திலேயே சேமித்து வைக்க நம் நூலகத்தில் ஒரு வன்தட்டு ஒதுக்கித் தரும்படி முதல்வர் அவர்களையும் இதன்வழி வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனையும் நான் அன்றே உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன். மூலப் பதிவைக் கொண்டு வா என்றார். விடுதிக்கு ஓடினேன். கைபேசியில் இடம் போதவில்லை என்று நண்பன் அதை அழித்துவிட்டிருந்தான். மெதுவாக்கிய படம் மட்டும் இன்னும் எல்லோரிடமும் இருக்கிறது.