ஒன்றேகால் மணிக் கணக்கு



சென்ற திங்கள் ஒருநாள் விடியற்காலையில், உதியன்குளங்கரையில் நம் அடுத்த வீட்டு அம்மையாருக்குச் செய்தி வந்தது: சென்னையில் தமையனார் காலமானார், மாலை 4 மணிக்கு அடக்கம். நம் பக்கத்துப் புகைவண்டி மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில்தான் எழும்பூர் சேரும். ஆகவே விமானமே வழி. காலை 9 மணி விமானத்தில் இடம் இருந்தது, கட்டணம் மிகுதி. "ஒன்றேகால் மணிப் பயணந்தானே!" என்று பகல் 1 மணி விமானத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர் நாமே.

அம்மையார் தண்டையார்பேட்டை சேர்ந்தபோது உற்றார் கல்லறையிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தனர்.

திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 615 கிலோமீட்டர். மதுரை வழி இருப்புப்பாதையோ 800 கிலோமீட்டர் அளவு. இவை நாம் அறிந்தவையே. (இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்து என்ன பயன்!) கூட்ட மறந்தவை வேறு. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலைக் கடந்து விமான நிலையம் சேர ஒரு மணிக்கு மேல். சோதனைகளுக்காக இரண்டு மணி முன்னதாகச் செல்லவேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து, வடசென்னை சேர மேலும் இரண்டு மணி. ஆக, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறு மணிக்குக் குறையாது.

கைப்பை மட்டும் கொண்டு சென்றால் அரைமணி மிச்சப்படும்.