‘ஹூ’, ‘விச்’ வாய்பாடு போதாது

ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இடத்துக்கு ‘வேர்’. ஆங்கில ரிலேட்டிவ் புரோநவுன்கள் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இப்படியொரு வாய்பாடாகவே நடத்தப்படுகின்றன. இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லும் கேள்விக்கு இது போதும், மதிப்பெண் விழுந்துவிடும். அதே மாணவர் சொந்தமாக ஒரு பத்தி எழுதும்போது அந்த அமைப்பு தலைகாட்டுவது அரிது.

‘நேற்று வந்த பையன்’ என்பதை முன்பின்னாக மாற்றி ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று சொல்வது பழக்கத்தில் கைவந்துவிடும். பெரிய இடறல் வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘கத்தியால் பழம் வெட்டினேன்’ என்பதைப் பெயரெச்சத் தொடராக்கினால், ‘நான் பழம் வெட்டிய கத்தி’. ‘ஆல்’ மறைந்துவிட்டது, நமக்குக் குழப்பமில்லை. ஆங்கிலத்திலோ அந்த வேலையைச் செய்யும் ‘வித்’தை விட முடியாது: ‘தி நைஃப் ஐ கட் தி ஃப்ரூட் வித்’. மாணவர் எழுதுவது, ‘தி நைஃப் விச் ஐ கட் தி ஃப்ரூட்’. வாய்பாட்டின்படி ‘விச்’ சரி; வாக்கியம்தான் தவறு.

செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறில் எதையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்கிறது நன்னூல். ‘வெட்டிய’ என்ற ஒரே வடிவம் ஆளோடும் கத்தியோடும் மரத்தோடும் சேரும். இதைத் தமிழ் வகுப்பில் படிக்கும் மாணவருக்கு, ஆங்கில வகுப்பில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

பிழை குறைந்தால் பாடம் புரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1974-இல் மொழியியலாளர் ஜாக்லின் ஷாக்டர் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தின் இவ்வகைத் தொடர்களில் சீன, ஜப்பானிய மாணவர்கள் செய்த பிழைகள், பாரசீக, அரபு மாணவர்கள் செய்ததைவிடக் குறைவு. காரணம், சீன, ஜப்பானிய மாணவர்கள் அத்தொடர்களை எழுதியதே குறைவு. சீனமும் ஜப்பானியமும் தமிழைப் போலவே விளக்கும் தொடரைப் பெயருக்கு முன்னால் வைப்பவை. ஆகவே, சிவப்பு மை படாத நோட்டைப் பார்த்து நம் ஆசிரியர்களும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

‘நான் வாங்கிய புத்தகம்’, ‘தி புக் ஐ பாட்’ – இரண்டிலும் ‘விச்’சுக்கு வேலையே இல்லை. தமிழ் மாணவருக்குப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம். அடுத்து, ‘நான் இருக்கும் வீடு’ போன்ற தொடரை முழு வாக்கியமாக்கி, ‘வீட்டில்’ என்பதிலுள்ள ‘இல்’லைக் கோடிட்டுக் காட்டினால், ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்பதில் கடைசி ‘இன்’ ஏன் வருகிறது என்பது விளங்கும். உடைமையைக் காட்டும் ‘ஹூஸ்’ கடைசியில் வரட்டும். தமிழிலும் அதற்கு ஈடான பெயரெச்சத் தொடர் எளிதில் அமைவதில்லை.

ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று சிலர் மறுப்பார்கள். பேச்சுப் பயிற்சி ஆங்கிலத்தில் நடப்பதே முறை. ஆனால், மாணவர் மனத்துக்குள் மறைந்துபோகும் உருபைத் தமிழைத் தொடாமல் சுட்டிக்காட்ட வழியில்லை. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தேர்வும் மாற வேண்டும். நான்கு பையன்கள் உள்ள படத்தைக் கொடுத்து, பெயர் சொல்லாமல் ஒருவனை அடையாளம் காட்டச் சொல்லலாம். அப்போது ‘ஹூ’ இல்லாமல் மாணவர் சமாளிப்பது கடினம். இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் கேள்விக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை இதற்குத் தந்தாலே, வகுப்பில் நடத்தும் முறையும் மாறத் தொடங்கும்.